கடனில்லாமல் ஒரு பயணம்

"வெளிநாட்டுக்குப் போகப் போறவளுக்கு இப்பவே எதுக்கு இத்தனை சிக்கனம்? அங்கே போனா கை நிறைய வாங்கப் போறே. அப்புறம் என்ன?"

இந்தக் கேள்வியை இருபது மாதமாகக் கேட்டுக் கேட்டு எனக்குப் பதிலே மனப்பாடம் ஆகிவிட்டது. கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அக்கறையில் கேட்டவர்கள்தான். ஆனால் நான் பார்த்த வரையில், வெளிநாட்டில் ஒருவர் நிமிர்ந்து நிற்கிறாரா, குனிந்து நிற்கிறாரா என்பது அங்கே வாங்கும் சம்பளத்தில் மட்டும் இல்லை. புறப்படும்போது தலையில் எவ்வளவு கடன் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. என்னைப் போலப் புறப்பட நினைக்கும் சகோதரிகளுக்கும், வீட்டுக்காரரையோ பிள்ளையையோ அனுப்பி வைக்கப் போகிறவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருவரங்குளம். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குப் போகும் வழியில் ஏழெட்டு கிலோமீட்டர். பழமையான சிவன் கோயிலும் ஆடிப்பூரத் தேரும் ஊருக்குப் பெருமை. நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். மாதம் ரூ.16,500 சம்பளம். என் கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் வேலை. கரண்டும் கிணற்றுத் தண்ணீரும் இருக்கிற வரை வேலை உண்டு. சராசரியாக ரூ.17,000 வரும். மாமியாரும் நான்கு வயதுப் பாப்பாவும் சேர்ந்து வீட்டில் நாலு பேர்.

சம்பளம் குறைவு என்று சொல்ல மாட்டேன், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் ஓட்டு வீட்டை எடுத்துக் கட்டவும், பாப்பாவைப் படிக்க வைக்கவும் இது போதாது. சவூதி அரேபியாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்ற பேச்சு 2024 தை மாதத்தில் வீட்டில் எழுந்தது. நர்ஸ்கள் வளைகுடா போன்ற நாடுகளுக்குப் போக, 2015 முதல் அரசு நிறுவனங்கள் மூலமாகத்தான் போக வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. நம் தமிழ்நாட்டில் 1978ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பதிவு செய்தேன். தேர்வானால் கட்ட வேண்டிய சேவைக் கட்டணம் ரூ.35,400 என்றார்கள். அதாவது 30,000 ரூபாயும் அதற்கு வரியும்.

"அவ்வளவுதானா? அப்ப ரெண்டு பவுனை அடகு வச்சாப் போதுமே" என்றார் என் கணவர். நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்று வட்டிக் கணக்கு

எங்கள் பக்கத்தில் மலேசியா, சிங்கப்பூர் போவது புதிதல்ல. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர்கள், பிறகு சிதம்பரம் கப்பலில் போனவர்கள் என்று பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். இன்றைக்கு விமானம். ஆனால் கடன் மட்டும் அன்று போலவே கூட வருகிறது.

தெரிந்த பையன் ஒருவன் சில வருஷங்களுக்கு முன் கட்டட வேலைக்கு வளைகுடா போனான். ஏஜெண்டுக்குக் கொடுக்க இரண்டு லட்ச ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கினார்கள். மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். வருஷத்துக்கு 36 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மாதம் 6,000 ரூபாய் வட்டி மட்டும். சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று. சம்பளமும் மூன்று மாதம் தள்ளித்தான் வந்தது. "வந்துடுறேம்மா" என்று போனில் அழுதான். "வந்தா வட்டியை யாருடா கட்டுறது?" என்று அவன் அம்மா இங்கே அழுதார். அவன் வரவில்லை. வெயிலில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, வட்டியையும் அசலையும் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தான்.

கந்து வட்டியைத் தடுக்க 2003ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. என்றாலும் அவசரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவருக்குச் சட்டம் எங்கே ஞாபகம் வருகிறது?

அன்றைக்கே நான் தீர்மானித்துவிட்டேன். வேலை பிடிக்காவிட்டால், உடம்புக்கு முடியாவிட்டால், மரியாதை இல்லாவிட்டால், 'நான் ஊருக்குப் போகிறேன்' என்று சொல்லும் தைரியத்தோடுதான் நான் போக வேண்டும். அந்தத் தைரியத்துக்கு ஒரு விலை உண்டு. அதை இங்கேயே சேர்த்துவிட வேண்டும்.

மொய் நோட்டு

அத்தை ஒரு வழி சொன்னார்.

"ஏத்தா, எதுக்கு வட்டிக்கு வாங்கணும்? வர்ற ஆடியில மொய் விருந்து வச்சிட்டாப் போச்சு. நாமளும்தான் ஊருக்கெல்லாம் செஞ்சிருக்கோம்."

வெளியூர் வாசகியருக்கு மொய் விருந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம், தாண்டிப் பேராவூரணி வரைக்கும் ஆடி, ஆவணியில் இது நடக்கும். கல்யாணம் காதுகுத்து என்று ஏதும் இல்லாமலே பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். எல்லாம் நோட்டில் ஏறும். எழுதினவர் விருந்து வைக்கும்போது, வாங்கினதை, கூடக் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. நம்பிக்கைதான் ஜாமீன். இதை வைத்துக் கிணறு வெட்டினவர்கள், கடை போட்டவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினவர்கள் எல்லாம் உண்டு. நான் இதைக் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் எங்கள் நோட்டைப் புரட்டினால், நாங்கள் பிறருக்குச் செய்தது ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். விருந்துச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? புதிதாக எழுதுகிறவர்களுக்குத் திருப்பிச் செய்வது யார்? நான் கடல் தாண்டி இருப்பேன். அவர் ஒற்றை ஆளாக ஒவ்வொரு ஆடிக்கும் பதில் மொய் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கடன் என்ற பெயர் இல்லாவிட்டாலும், திருப்ப வேண்டியது திருப்ப வேண்டியதுதானே?

"அத்தே, அந்த நோட்டு அப்படியே இருக்கட்டும். வீடு கட்டுறப்ப விருந்து வைப்போம். இந்தப் பயணத்துக்கு என் செலவைக் குறைச்சே சேர்த்துப் பார்க்கிறேன்" என்றேன்.

அத்தைக்கு மனம் இல்லைதான். "பார்ப்போம், பார்ப்போம்" என்று வெற்றிலையை மடித்தார்.

எவ்வளவு வேண்டும்?

சிக்கனம் என்று பொதுவாகப் பேசினால் நாலு நாளில் அலுத்துவிடும். இவ்வளவு ரூபாய், இத்தனை மாதம் என்று எண் தெரிய வேண்டும். நான் எழுதின கணக்கு இது. சேவைக் கட்டணம் ரூ.35,400. பாஸ்போர்ட், சான்றிதழ்களைச் சரிபார்க்க, தேர்வு எழுத, மருத்துவப் பரிசோதனை, சென்னைக்குப் போய்வர எல்லாம் சேர்த்து ரூ.60,000. துணிமணி, பெட்டி ரூ.10,000. நான் போய்ச் சம்பளம் வந்து சேரும் வரை வீடு நடக்க ரூ.60,000. கடைசியாக ரூ.40,000 என்று ஒரு வரி எழுதி, எதற்கு என்று எழுதாமல் விட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். மொத்தம் ரூ.2,05,400.

மாதம் 11,400 ரூபாய் சேர்த்தால் பதினெட்டு மாதம். 200 ரூபாய்தான் குறையும். ஏற்கெனவே நகைக்கடைச் சீட்டுக்கு மாதம் 3,000 கட்டிக்கொண்டிருந்தோம். அது முடிந்திருந்த சமயம். அதையே இதற்குத் திருப்பினால், மீதி 8,400ஐச் செலவிலிருந்து பிடுங்க வேண்டும்!

பணத்தை எங்கே போடுவது? அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து வருஷம். மூன்று வருஷத்துக்கு முன்னால் முடிக்க முடியாது. எங்களுக்கு வேண்டியதோ ஒன்றரை வருஷம். ஆகவே வங்கியில் தனிக் கணக்கு ஒன்று, ஏ.டி.எம். அட்டையே வாங்காமல். சம்பளம் வந்த அன்றே முதல் வேலையாக அதில் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேர்ப்பது என்று வைத்துக்கொண்டால் எந்த வீட்டிலும் மிஞ்சாது என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

எதில் குறைத்தோம்?

முதலில் என் செலவு. டியூட்டியில் வாங்கிச் சாப்பிடும் டீ, வடை, டிபன். கட்டுச்சோறும் பிளாஸ்க்கும் கொண்டுபோனதில் மாதம் ரூ.1,300 நின்றது. ஜவுளிக்கடைத் தவணை ரூ.1,000. முடிந்ததும் புதிதாக எடுக்கவில்லை. போனில் பார்த்து ஆர்டர் போடும் பழக்கம் ரூ.800. கடைச் செயலியையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். பார்லர் ரூ.400. இரண்டு போனின் ரீசார்ஜை ஒழுங்கு செய்ததில் ரூ.350.

தினம் அவர் வண்டியில் கொண்டுவந்து விடுவார். அந்தப் பெட்ரோல் ரூ.1,200. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாமல் ஆனது எனக்குக் கை கொடுத்தது. அரை மணி முன்னால் எழுந்தால் போதும். பஸ் தவறினால்? அதற்கு அத்தையிடம் வழி இருந்தது.

"என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போ."

அத்தை சைக்கிள் பழகின கதை எங்கள் மாவட்டத்தின் கதை. 1991, 92ல் அறிவொளி இயக்கம் வந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் ஓட்டுவதையும் அதில் சேர்த்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயலுக்குப் போகும் பெண்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். எழுத்தும் சைக்கிளும் ஒரே சமயத்தில் அத்தைக்கு வந்தன. "அப்ப ஊரே சிரிச்சுச்சு. இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமப் போக வர இருக்கணுமின்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பார். கடனில்லாமல் போக வேண்டும் என்ற என் பிடிவாதத்தை அவர் புரிந்துகொண்டது அந்தச் சைக்கிள் பேச்சில்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பங்குக்கு என் கணவர் டீக்கடை, சினிமா, நண்பர்கள் செலவில் ரூ.900 குறைத்தார். ஞாயிறு தோறும் எடுத்த ஆட்டுக்கறியை மாதம் ஒரு முறை ஆக்கியதில் ரூ.1,200. பிஸ்கட், பஜ்ஜி, பாக்கெட் பண்டங்களில் ரூ.750. அத்தை கோழி முட்டையும் முருங்கைக்கீரையும் விற்று மாதம் ரூ.500 கொடுத்தார். கூட்டிப் பாருங்கள், 8,400 வரும்!

கை வைக்காத இடங்கள்

நர்ஸாக இருப்பதால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சிக்கனம் என்றதும் நம் பெண்கள் முதலில் கை வைப்பது தங்கள் வயிற்றில். காலையில் ஒரு காப்பி, மத்தியானம் மிச்சச் சோறு, இராத்திரி இருந்தால் உண்டு. இது சிக்கனமே அல்ல. வளைகுடா போகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே எல்லாம் உண்டு. தேறாவிட்டால் பயணம் இல்லை. வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் ஆஸ்பத்திரிக்கே போய்விடும்.

பெண்களுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. அதனால் கறி குறைந்த இடத்தில் வேறு சத்தை வைத்தோம். எங்கள் பக்கத்து நிலக்கடலையில் நூறு கிராமுக்குச் சுமார் 25 கிராம் புரதம். ஊற வைத்து அவித்தால் மாலைப் பலகாரம் ஆயிற்று. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஆளுக்கு ஒன்று, பாப்பாவுக்குத் தவறாமல். வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ, அதில் சுண்ணாம்புச் சத்து ஏராளம். முருங்கைக்கீரைப் பொரியலுக்கு ஒரு மூடி எலுமிச்சை பிழிவோம். புளிப்புச் சத்து இருந்தால் கீரையின் இரும்பு உடம்பில் சேரும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சேராது. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி தள்ளி வைத்தோம்.

பாப்பாவின் அரை லிட்டர் பாலில் கை வைக்கவில்லை. அத்தையின் சர்க்கரை மாத்திரையை ஒரு வேளை கூட நிறுத்தவில்லை. 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் அது செலவில்லாமல் வந்தது. நைட் டியூட்டி முடிந்த பகலில் என் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுப்பதையும் நிறுத்தவில்லை.

எட்டாவது மாதத்தில் ஒரு சோதனை வந்தது. நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து! என் கணவர் தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாமல் மடியில் உட்கார வைத்துக் காது குத்த முடியுமா? நாத்தனார் நல்லவர். "அண்ணி, உங்க நிலைமை எனக்குத் தெரியும். ஒரு வேட்டி துண்டு போதும்" என்று போன் செய்தார். அவர் அப்படிச் சொன்னதாலேயே எனக்குக் குறைக்க மனம் வரவில்லை. என் பவுடரையும் புடவையையும் குறைக்க எனக்கு உரிமை உண்டு. அண்ணன் சீருக்காகக் காத்திருக்கும் தங்கையின் மரியாதையைக் குறைக்க எனக்கு என்ன உரிமை? ரூ.15,000க்குச் சீர் செய்தோம். பெரிய தட்டு இல்லை, குறைவும் இல்லை. அதனால் பதினெட்டு மாதம் இருபது மாதம் ஆயிற்று. ஆனால் நான் இல்லாத நாளில் பாப்பாவுக்குத் தலைவாரிப் பின்ன, காய்ச்சல் என்றால் ஓடிவர, அந்த அத்தைதானே இருக்கிறாள்?

திரும்பி வரும் பணம்

2025 ஆவணியில் கணக்கு முடிந்தது. எழுதாமல் விட்ட அந்த ரூ.40,000 என்ன என்று அப்போதுதான் வீட்டில் சொன்னேன். "இது நான் திரும்பி வர டிக்கெட்டும் வழிச்செலவும். அங்கே எனக்கு ஒத்துக்கலைன்னா யார்கிட்டயும் கை நீட்டாம வந்துடுவேன். வேறு எதுக்கும் இதைத் தொடக்கூடாது."

அத்தை முகம் சுருங்கிவிட்டது. "போறதுக்கு முன்னாடியே வர்ற பேச்சா? நல்ல வாக்குச் சொல்லுத்தா" என்று எழுந்து போய்விட்டார். நான் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பையனின் அம்மா போனில் அழுத நாளில் அத்தையும்தான் கூட உட்கார்ந்திருந்தார். நான் சொல்லித்தானா அவருக்குத் தெரிய வேண்டும்?

இரண்டு நாள் கழித்து அந்த வைப்புச் சீட்டை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி சாமி மாடத்தில் வைத்திருந்தார். கூடவே ஓர் அம்மன் காசு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு கொடுத்த பொடிச் செப்புக் காசு அது. அவருடைய அப்பத்தா கொடுத்தது. எதற்கும் வெளியே எடுக்காதது.

"நீ நல்லாத்தான் இருப்பே. இது செலவாகாது. ஆனா இருக்கட்டும்" என்றார்.

இப்போது விசா வந்துவிட்டது. பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. நான் ஊரில் இல்லாமல் பாப்பா முதல் வகுப்பு போவாள், பல் விழுந்து முளைக்கும். அதை நினைத்தால் இராத்திரியில் தூக்கம் வருவதில்லை. எவ்வளவு சேர்த்தாலும் அந்த வலிக்கு ஈடு வைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வட்டி நாள் என்று ஒன்று காலண்டரில் இல்லை. என் சம்பளத்துக்காக வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. என் குழந்தைக்கு நான் வேண்டும் என்று ஒரு நாள் ஆகிவிட்டால், என்னை அங்கே பிடித்து வைக்க எந்தக் கடனும் இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலிருந்து யாராவது புறப்படுவதாக இருந்தால், 'எவ்வளவு சம்பளம்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எவ்வளவு கடன்?' என்று கேளுங்கள். அனுப்பும் ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் தாமதமானாலும் பரவாயில்லை, சேர்த்துக்கொண்டு போகட்டும். உடம்பைக் குறைக்காமல், உறவைக் குறைக்காமல், நம் சொந்தச் செலவை மட்டும் குறைத்தாலே இவ்வளவு முடிகிறது என்பதை நான் கூட்டிக் காட்டிவிட்டேன். திரும்பி வரும் பணத்தைத் தனியே எடுத்து, வீட்டில் பெரியவர் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அது செலவாகாமலே இருக்கட்டும் என்று நாமெல்லாரும் வேண்டிக்கொள்வோம்.